கிரேக்க தேவியரின் நவீன மறுபுனைவுகள்: ரசித்து வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிரேக்கப் புராண மறுபுனைவு ஒன்றை ஆசையாக வாங்கி, நாற்பதாம் பக்கத்துக்குள் பெயர்க் குழப்பம் தாங்காமல் மூடி வைத்தவர்கள் நிறைய உண்டு. ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, நாவலில் வந்ததுதான் கிரேக்கர்கள் சொன்ன கதை என்று நம்பிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் மருந்து ஒன்றுதான்: நாவலைத் தொடுவதற்கு முன் அதற்கு ஆதாரமான பழைய பாடலில் ஒரு சிறு பகுதியையாவது படித்துவிடுவது. எதை மாற்றியிருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள், எந்த மௌனத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில்தான் மறுபுனைவின் ருசி பாதிக்கு மேல் இருக்கிறது. மூலம் தெரியாமல் படித்தால் அது வெறும் கற்பனை நாவல்தான்.

1. ஒரே ஒரு தேவியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒலிம்பஸ் மலையில் இருக்கும் தெய்வங்கள் எல்லோரையும் ஒரே மாதத்தில் தெரிந்துகொள்ளப் பார்ப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. வம்சாவளிப் படங்களைப் பார்த்து மனப்பாடம் செய்வதும் வேண்டாம். பண்டைய கிரேக்கக் கவி ஹெசியட் பாடிய ‘தியோகனி’யில் ஆயிரத்துச் சொச்ச வரிகளுக்குள் நூற்றுக்கணக்கான பெயர்கள் வருகின்றன, அவற்றில் முக்கால்வாசி உங்களுக்குத் தேவைப்படாது.

தொடங்குவதற்கு ஏற்றவர்கள் விளைச்சலின் தேவி டெமீட்டரும் அவள் மகள் பெர்ஸெஃபனியும். தாய், மகள், கடத்தல், பஞ்சம், சமரசம் என்று கதை முழுவதும் ஒரே பாடலில் இருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக மந்திரத் தேவியான சர்சி. அவள் கதையின் மையப் பகுதி ஹோமரின் காவியமான ‘ஒடிசி’யின் 10ஆம் காண்டத்தில் அடங்கிவிடும். ஹீரா, அதீனா, ஆர்ட்டெமிஸ் மூவரையும் மூன்றாவது சுற்றுக்கு ஒத்திப் போடலாம். அவர்களுடைய கதைகள் காவியம், நாடகம், துதிப்பாடல் என்று துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. ஹெஸ்டியாவுக்குக் கதை என்று அதிகம் கிடையாது. அடுப்பின் தெய்வமான அவளுக்குரிய துதிகளில் ஒன்று வெறும் 5 வரி.

பெயர்களை உச்சரிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும். கடைசியில் வரும் ‘ஈ’ ஒலி விழுங்கப்படுவதில்லை: பெர்ஸெஃபனி, ஹெகட்டி, பெனலோப்பி. ஒலிநூல் கேட்பவர்களுக்கு இது தெரியாவிட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தோன்றும். ரோமானியப் பெயர்களும் குறுக்கே வரும்: டெமீட்டர் அங்கே செரீஸ், பெர்ஸெஃபனி புரோசெர்பினா, அதீனா மினர்வா, ஹீரா ஜூனோ, ஆர்ட்டெமிஸ் டயானா, அஃப்ரோடைட்டி வீனஸ். இந்த ஆறு ஜோடிகளையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகி வையுங்கள்.

2. பழைய பாடல்: ஒரு மணி நேர வேலை

டெமீட்டரின் கதைக்கு ஆதாரம் ‘ஹோமரிய துதிப்பாடல்கள்’ என்ற தொகுப்பில் உள்ள இரண்டாவது பாடல். மொத்தம் 495 வரி. ஹோமர் பெயரில் வழங்கினாலும் எழுதியவர் யார் என்று தெரியாது. இந்தப் பாடல் நம் கைக்கு வந்ததே ஒற்றைக் கையெழுத்துப் பிரதியால்தான்; 1777இல் மாஸ்கோவில் கண்டெடுக்கப்பட்டது, இப்போது நெதர்லாந்தின் லைடனில் இருக்கிறது. அது கிடைக்கும் வரை ஐரோப்பியக் கவிஞர்களும் ஓவியர்களும் பெர்ஸெஃபனியைப் பெரும்பாலும் ரோமானியக் கவி ஓவிட் வழியாகத்தான் அறிந்திருந்தார்கள்.

ஹெலன் ஃபோலி 1994இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பும் உரையும் வாங்கத் தகுந்தவை. செலவில்லாமல் வேண்டுமென்றால் ஹியூ ஈவ்லின்-வைட் 1914இல் செய்த உரைநடை மொழிபெயர்ப்பு காப்புரிமை முடிந்து இணையத்தில் கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழைய பாணி, ஆனால் தடுக்காது.

இரண்டு முறை படியுங்கள். முதல் முறை நிறுத்தாமல். இரண்டாம் முறை பென்சிலோடு. ஒவ்வொரு காட்சியிலும் மூன்று கேள்விகள் மட்டும்: யார் முடிவெடுக்கிறார்? யார் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்? யாருக்குப் பேச வாய்ப்பே தரப்படவில்லை?

இப்படிப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு சிறு பகுதியைப் பார்க்கலாம். பாதாள அரசன் ஹேடீஸ் மகளைக் கடத்துவது, அவள் அப்பனும் தெய்வங்களின் தலைவனுமான ஜீயஸின் சம்மதத்தோடுதான் என்று பாடல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. நார்சிசஸ் பூவைப் பொறியாக முளைக்க வைத்தது பூமித்தாய் கையா. பெர்ஸெஃபனி அலறுவதை ஹெகட்டி என்ற தேவி குகையிலிருந்து கேட்கிறாள், சூரியனாகிய ஹீலியோஸ் பார்க்கிறான். இருவரும் தாமாகப் போய் எதையும் சொல்லவில்லை. டெமீட்டர் ஒன்பது நாள் குளிக்காமல், தெய்வ உணவு தொடாமல், கைகளில் தீப்பந்தத்தோடு அலைகிறாள். பத்தாம் நாள்தான் ஹெகட்டி வாய் திறக்கிறாள். இருவரும் ஹீலியோஸிடம் போகிறார்கள். அவனோ நடந்ததைச் சொல்லிவிட்டு, ‘ஹேடீஸ் ஒன்றும் தகுதியில்லாத மருமகன் இல்லை’ என்று சமாதானம் வேறு சொல்கிறான்.

இனிப் பாடலின் பிற்பகுதிக்கு வாருங்கள். ஹேடீஸ் பெர்ஸெஃபனியை அனுப்ப ஒப்புக்கொள்கிறான், அவள் துள்ளி எழுகிறாள். அந்தத் தருணத்தில் அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ரகசியமாக ஒரு மாதுளை விதையைத் தின்னக் கொடுத்தான் என்கிறார் கவிஞர். நாற்பது வரி கழித்து, தாய் ‘கீழே ஏதாவது சாப்பிட்டாயா?’ என்று (சாப்பிட்டிருந்தால் பாதாளத்துக்குத் திரும்பிப் போயாக வேண்டும்) கேட்கும்போது, ‘எனக்கு விருப்பமில்லாமல் வலுக்கட்டாயமாகத் தின்ன வைத்தான்’ என்கிறாள் மகள். கவிஞர் சொல்வது ரகசியம். அவள் சொல்வது கட்டாயம். இரண்டும் ஒன்றில்லை. அவள் அம்மாவுக்காகக் கதையைத் திருத்தினாளா, அல்லது கவிஞருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியுமா? பெர்ஸெஃபனி பற்றி எழுதப்படும் அத்தனை நவீன நாவலும் படக்கதையும் ஏதோ ஒரு வகையில் இந்த இடைவெளிக்குள்தான் நுழைகின்றன. பாடலில் அவள் நேரடியாகப் பேசுவதே இந்த ஒரே இடத்தில், முப்பது வரிகூடத் தேறாது.

3. எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார்கள்?

கிரேக்கப் புராணத்துக்கு ஒரே மூலநூல் கிடையாது. ‘நாவலாசிரியர் கதையை மாற்றிவிட்டார்’ என்று குறை சொல்வதற்கு முன், எந்தக் கதையிலிருந்து மாற்றினார் என்று பார்க்க வேண்டும். அடிக்கடி இடறும் இடங்கள் இவை.

மாதுளை விதை: துதிப்பாடலில் ஒன்றே ஒன்று, அவள் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கைப் பாதாளத்தில் கழிக்கிறாள். ஓவிட் தம் ‘உருமாற்றங்கள்’ 5ஆம் காண்டத்தில் ஏழு என்கிறார், ஆண்டைச் சரிபாதியாகப் பிரிக்கிறார். அவரே ‘ஃபாஸ்டி’யில் மூன்று என்கிறார். ஆறு விதை, ஆறு மாதம் என்று சிறுவர் நூல்களில் வரும் கணக்கு பிற்காலத்தில் அழகாகச் சரிக்கட்டியது.

அஃப்ரோடைட்டியின் பிறப்பு: ஹெசியட் சொல்வதில் வானத்தந்தை யூரனஸின் வெட்டப்பட்ட உறுப்பு கடலில் விழுந்து எழுந்த நுரையிலிருந்து பிறக்கிறாள். ஹோமரின் டிராய்ப் போர்க் காவியமான ‘இலியட்’டில் ஜீயஸுக்கும் டியோனி என்ற தேவிக்கும் பிறந்த மகள். முதல் கதையை எடுத்தால் அவள் ஜீயஸைவிட மூத்தவள். இரண்டாவதை எடுத்தால் அவன் பேச்சைக் கேட்க வேண்டிய பெண். நாவல் எதைத் தேர்ந்தது என்று பார்த்தாலே அவள் குணம் எப்படிப் போகும் என்று ஊகித்துவிடலாம்.

மெடூசா: ஹெசியடிடம் கோர்கன் என்ற மூன்று அரக்கச் சகோதரிகளில் சாகக்கூடிய ஒருத்தி, வசந்தப் பூக்கள் நிறைந்த புல்வெளியில் கடல் தெய்வம் பொசைடனோடு கூடுகிறாள். கோயிலுக்குள் அவள் சிதைக்கப்பட்டாள், அதற்கு அந்தக் கோயிலின் தேவியான மினர்வாவே அவள் கூந்தலைப் பாம்பாக்கித் தண்டித்தாள் என்ற கதை ஓவிடுடையது. இன்றைய மெடூசா நாவல்கள் பெரும்பாலும் ஓவிட் பக்கம்தான் சாய்கின்றன. அதனால் அதீனாவைக் கொடியவளாகக் காட்டும்போது, அது ரோமானிய மினர்வாவின் மேல் விழ வேண்டிய பழி என்பதையும் நினைவில் வையுங்கள்.

சமூக ஊடகங்களில் சுற்றும் இரண்டு ‘ஆதி வடிவங்கள்’ பற்றியும் எச்சரிக்கை தேவை. பெர்ஸெஃபனி தானே விரும்பி, இறந்தவர்கள்மீது இரக்கப்பட்டுப் பாதாளத்துக்குப் போனாள் என்பது பழைய கிரேக்க நூல் எதிலும் இல்லை. சார்லீன் ஸ்ப்ரெட்னாக் 1978இல் வெளியிட்ட மறுகற்பனையிலிருந்து பரவியது. மெடூசாவைக் காப்பாற்றத்தான் அதீனா பாம்பு முடியைக் கொடுத்தாள் என்பதும் நம் காலத்து விளக்கமே. கதையாக ரசிக்கத் தடையில்லை, ஆதாரமாகக் காட்டத்தான் முடியாது.

4. எந்த வடிவத்தில் படிப்பது

முழு வரைபடமும் முதலில் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டீஃபன் ஃப்ரையின் ‘மிதோஸ்’ (2017). உலகம் தோன்றியதிலிருந்து தொடங்கி வரிசையாகவும் நகைச்சுவையாகவும் சொல்கிறார். ஆனால் தேவியரின் மனத்துக்குள் அதிக தூரம் போவதில்லை. அகராதியைப் போல அவ்வப்போது புரட்டலாம்.

ஒரே தேவியின் வாழ்க்கை வேண்டுமென்றால் மேட்லின் மில்லரின் ‘சர்சி’ (2018). பல குரல்கள் வேண்டுமென்றால் நாட்டலி ஹேன்ஸின் ‘எ தௌசண்ட் ஷிப்ஸ்’ (2019); டிராய் போரைப் பெண்களும் தேவியரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். அதையே முதல் புத்தகமாக எடுத்தால் திணறல் நிச்சயம். குரல் மாறிக்கொண்டே இருக்கும், காலமும் முன்னும் பின்னும் தாவும். கதை வேண்டாம், விளக்கம் போதும் என்றால் அவரே எழுதிய ‘டிவைன் மைட்’ (2023) என்ற கட்டுரை நூல் இருக்கிறது: ஹீரா, அஃப்ரோடைட்டி, ஆர்ட்டெமிஸ், டெமீட்டர், ஹெஸ்டியா, அதீனா ஆகியோருக்கு ஆளுக்கொரு அத்தியாயம், கலைத்தேவியருக்கும் பழிவாங்கும் தேவதைகளுக்கும் தனித்தனியே. நாவலுக்கு முன்னால் படிக்காதீர்கள். பின்னால் படித்தால்தான் பயன், இல்லாவிட்டால் நீங்களாகக் கண்டுபிடிக்க வேண்டியதை அவர் சொல்லிவிடுவார்.

ஆங்கிலத்தில் நீண்ட நாவல் படித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ரேச்சல் ஸ்மைத்தின் ‘லோர் ஒலிம்பஸ்’ படக்கதை நல்ல வாசல். 2018 முதல் 2024 வரை கைப்பேசியில் தொடராக வந்தது, பின்பு அச்சிலும் தொகுக்கப்பட்டது. ஆளுக்கொரு நிறம் என்பதால் பெயர் மறந்தாலும் ஆள் மறக்காது: பெர்ஸெஃபனி இளஞ்சிவப்பு, ஹேடீஸ் நீலம். வண்ணத்தைப் பார்த்து இது குழந்தைகளுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பாலியல் வன்முறையும் அதன் பின்விளைவும் கதையின் முக்கிய இழை. ‘சர்சி’யிலும் அப்படியொரு காட்சி வருகிறது. பதின்வயதினரிடம் கொடுக்குமுன் பெரியவர்கள் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

5. ‘சர்சி’யோடு ஒரு மாதம்

நாவலில் 27 அத்தியாயங்கள். நாளுக்கு ஒன்று என்று வைத்தால் மாதத்துக்குள் முடிந்துவிடும், முன்தயாரிப்புக்கு இரண்டு மூன்று நாள் மிஞ்சும். ஒலிநூலாகக் கேட்டால் சுமார் 12 மணி நேரம்.

முன்தயாரிப்பு ‘ஒடிசி’ 10ஆம் காண்டம், 135ஆம் வரியிலிருந்து கடைசி வரை. எமிலி வில்சனின் 2017 மொழிபெயர்ப்பு இதற்கு வசதி. மூலத்தின் வரி எண்ணிக்கையை அப்படியே காத்திருக்கிறார், மொழியும் எளிது. அங்கே சர்சி தறியில் நெய்துகொண்டே பாடுகிறாள். வந்த ஒடிசியஸின் மாலுமிகளை உள்ளே அழைத்து, பாலாடைக்கட்டி, பார்லி மாவு, தேன் மூன்றையும் பிராம்னிய மதுவில் கலக்கி மருந்து சேர்த்துக் கொடுக்கிறாள். பிறகு கோலால் ஒரு தட்டு. உடல் பன்றி, மனம் மட்டும் மனித மனமாகவே இருக்கிறது. காவிய நாயகன் ஒடிசியஸ் தப்புவது தூதுத் தெய்வம் ஹெர்மிஸ் கொடுத்த மோலி என்ற செடியால்: வேர் கருப்பு, பூ பால் வெள்ளை.

இத்தனை நுணுக்கமாகக் கலவையைச் சொல்லும் ஹோமர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவள் ஏன் அப்படிச் செய்தாள்? மில்லர் அந்தக் காலி இடத்தில்தான் நாவலைக் கட்டி எழுப்புகிறார். ஒடிசியஸ் தீவுக்கு வருவது நாவல் பாதியைத் தாண்டிய பிறகு. அதற்குள் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும்.

படிக்கும்போது ஓரத்தில் இரண்டே குறிகள் போடுங்கள். பழைய பாடலில் இல்லாதது புதிதாகச் சேர்ந்தால் ‘சே’. இருந்தது மாறினால் ‘மா’. விடுபட்டதை ஓரத்தில் குறிக்க முடியாதே. அதை வார இறுதியில் பழைய பாடலின் காட்சிகளோடு ஒப்பிட்டுத் தனியே எழுத வேண்டும். நான்கு குறிக்கு மேல் ஒரு அத்தியாயத்தில் வேண்டாம். அளவு மீறினால் வாசிப்பு பரீட்சைத் தாள் திருத்துவது போல் ஆகிவிடும்.

‘சே’ என்று நீங்கள் போட்டவற்றில் பல உண்மையில் வேறு பழைய நூல்களிலிருந்து வந்தவை. கிளாக்கஸ், சில்லா விவகாரம் ஓவிடின் ‘உருமாற்றங்கள்’ 14இல் இருக்கிறது. மெடியா, ஜேசன் வருகை அப்பல்லோனியஸ் பாடிய ‘ஆர்கோனாட்டிகா’ 4ஆம் காண்டத்திலிருந்து. கடைசிப் பகுதியின் விதை ‘டெலிகனி’ என்ற காவியம். மூலம் தொலைந்துவிட்டது, பிற்காலத்தவர் எழுதி வைத்த சுருக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்தச் சுருக்கத்தை நாவலுக்கு முன்னால் தேடிப் போகாதீர்கள், முடிவு தெரிந்துவிடும். படித்து முடித்த அன்று பாருங்கள். பழைய காவியத்தின் முடிவு விசித்திரமானது, அதை மில்லர் எப்படிப் பதப்படுத்தியிருக்கிறார் என்பது அப்போது புரியும்.

6. எங்கே கோளாறு வரும்

முதலாவது, சலிப்பு. அடுத்தடுத்து மூன்று மறுபுனைவுகளைப் படித்தால் மூன்றும் ஒரே புத்தகம் போல ஒலிக்கத் தொடங்கும். காரணம் உண்டு. ‘நான்’ என்று தொடங்கி, அலட்சியமான அப்பா, வாக்குத் தவறும் காதலன், தனிமை, தன் ஆற்றலைக் கண்டறிதல் என்ற ஒரே தடத்தில் பல நாவல்கள் ஓடுகின்றன. விற்பனையில் வென்ற வடிவத்தைப் பதிப்பகங்கள் எளிதில் விடுவதில்லை. இரண்டு மறுபுனைவுகளுக்கு நடுவில் ஒரு பழைய நூலையோ முற்றிலும் வேறு வகை நூலையோ வையுங்கள்.

இரண்டாவது, தேவியின் கூர்மையை மழுக்கிவிடுவது. இன்றைய வாசகருக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காக எல்லாத் தேவியரையும் பாதிக்கப்பட்ட பெண்களாக ஆக்கினால், அவர்கள் பயங்கரம் காணாமல் போகிறது. ‘இலியட்’ 15இல் ஜீயஸ் ஹீராவின் கால்களில் இரண்டு பட்டறைக்கற்களைக் கட்டி, கையில் தங்கச் சங்கிலியிட்டு வானத்தில் தொங்கவிட்டதை நினைவுபடுத்தி மிரட்டுகிறான். இது உண்மையான கொடுமை. ஆனால் அதற்கு முந்தைய காண்டத்தில் அவனை மயக்கித் தூங்க வைத்துப் போரின் போக்கையே திருப்பியவளும் அவள்தான். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்திருக்கும் மறுபுனைவுதான் தேறும். ஒன்றை மட்டும் வைத்திருந்தால் அந்த எழுத்தாளர் வாசகரைப் பார்த்துப் பயந்திருக்கிறார் என்று பொருள்.

பெர்ஸெஃபனி காதல் கதைகளுக்கு ஒரு தனிச் சோதனை: அம்மா எங்கே? ஹேடீஸை நல்லவனாக்க வேண்டுமென்றால் டெமீட்டரை மகளை அடக்கி வைக்கும் தாயாக்குவது சுலபமான வழி. துதிப்பாடலோ பெரும்பகுதி அந்தத் தாயின் பின்னாலேயே நடக்கிறது. எலூசிஸ் ஊர்க் கிணற்றடியில் கிழவி வேடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், நீரெடுக்க வந்த அரசனின் நான்கு பெண்களிடம் பொய்ப் பெயர் சொல்கிறாள், அந்த வீட்டில் கைக்குழந்தைக்குத் தாதியாகிறாள். மது வேண்டாம் என்று மறுத்து, பார்லியும் நீரும் புதினா வகைத் தழையும் கலந்த பானத்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். இந்த எலூசிஸ் பகுதி முழுவதையும் வெட்டிவிட்டார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள்.

மூன்றாவது கோளாறு நுட்பமானது. இவர்கள் வெறும் கதாபாத்திரங்கள் அல்லர், கோயிலும் விரதமும் திருவிழாவும் இருந்த தெய்வங்கள். எலூசிஸில் டெமீட்டருக்கும் மகளுக்கும் நடந்த ரகசியச் சடங்குகள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீடித்து, கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நின்றன. ஒலிம்பியாவில் ஹீராவின் கோயில் ஜீயஸின் பெருங்கோயிலைவிடப் பழையது. நாவல்கள் இந்தப் பக்கத்தை அநேகமாகத் தொடுவதே இல்லை. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ள எலூசிஸ் புடைப்புச் சிற்பத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டு. இரு தேவியர்க்கு நடுவே சிறுவன் டிரிப்டோலமஸ் நிற்கிறான். கடத்தலும் இல்லை, கண்ணீரும் இல்லை. பிறகு ரோமில் உள்ள, சிற்பி பெர்னினியின் புரோசெர்பினா சிலையை (1621–22) பாருங்கள்: புளூட்டோவின் (ஹேடீஸின் ரோமானியப் பெயர்) விரல்கள் அவள் தொடைச் சதைக்குள் புதைந்திருக்கின்றன, அத்தனையும் பளிங்கு. ஒரே தேவி, இரண்டு காலம், எதைக் காட்டத் தகுந்தது என்று இரண்டு தீர்ப்பு.

7. அதன் பிறகு

பழைய பாடலைக் கடைசியாக இன்னொரு முறை படியுங்கள். முதல் வாசிப்பில் கடந்துபோன வரிகள் இப்போது நின்று பேசும். ஹெகட்டி போன்ற ஓரத்து ஆட்கள் பெரிதாகத் தெரிவார்கள்.

அடுத்த தேவிக்குப் போகும்போது ‘அஃப்ரோடைட்டி துதி’யை எடுக்கலாம், 293 வரி. மனிதனான அங்கைசிஸ்மீது ஆசைப்பட வைத்து ஜீயஸ் அவளுக்கே அவள் மருந்தைக் கொடுக்கிறான். காதல் தேவி வெட்கப்பட்டு நிற்கும் இந்தக் கதையை நாவலாசிரியர்கள் இன்னும் சரியாகக் கண்டுகொள்ளவில்லை.

கை துறுதுறுத்தால் நீங்களே ஒரு பக்கம் எழுதிப் பார்க்கலாம். தேவியின் குரலில் வேண்டாம், அது எல்லோரும் போகிற வழி. எலூசிஸ் அரசி மெட்டனைராவை எடுங்கள். நள்ளிரவில் அறையை எட்டிப் பார்க்கிறாள். புதிதாக வந்த தாதி தன் கைக்குழந்தையை நெருப்புக்குள் வைத்திருக்கிறாள். குழந்தைக்குச் சாவில்லாமல் செய்யத்தான் அது என்று மெட்டனைராவுக்குத் தெரியாது. அவள் அலறியதால் அந்த வரம் போயிற்று. முந்நூறு சொற்களுக்குள், அவளுக்குத் தெரிந்தது மட்டும் வரும்படி எழுதுங்கள். ‘டெமீட்டர்’ என்ற பெயர் எங்கும் வரக்கூடாது.